ஒரு துளிக் காற்று

(மூன்றாமாண்டு, கருவியியல் துறை)

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நம் பேரவைச் செயலாளர் என்னைப் பிடித்தபோது, "கவிதை வேணுமா, கட்டுரை வேணுமா?" என்று கேட்டேன். "கவிதை ஏற்கனவே குவிஞ்சு கிடக்கு. முக்கால்வாசி காதல். நீ கட்டுரையே எழுது சாமி" என்றார். ஆகவே தோழர்களே, இது கட்டுரை. இரண்டாமாண்டு முடிந்த கோடை விடுமுறையில் நான் செய்த ஒரு தப்பைப் பற்றியது. இதுவரை நாலு பேருக்குத்தான் தெரியும். இனி எல்லோருக்கும் தெரியட்டும்.

முதலில் எங்க அப்பாவைச் சொல்ல வேண்டும். அப்பா சைக்கிள் கடை வைத்திருக்கிறார். கடை என்றால் பெரிய கடை இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வேப்பமரம், அதில் தொங்கும் நாலு பழைய டயர், ஒரு பம்ப், ஒரு தண்ணித் தொட்டி, ஒரு மரப்பெட்டி. அவ்வளவுதான். அப்பா நாலாம் வகுப்போடு நிறுத்தியவர். அம்மா பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். இங்கே சேரும்போது விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'சுயதொழில்' என்று எழுதினேன். என்ன தொழில் என்று யாராவது கேட்டால் "பிசினஸ்" என்பேன். பஞ்சர் ஒட்டுவதும் பிசினஸ்தானே என்று மனசுக்குள் ஒரு சமாதானம்.

நிற்க. பயிற்சிக்கு வருவோம்.

எல்லோரும் பஞ்சாலைக்கும் சிமெண்ட் ஆலைக்கும் போக, நானும் என் நண்பனும் எங்கள் சாரின் சிபாரிசில் ஒரு மருத்துவக் கல்லூரியின் உடலியல் துறைக்குப் போனோம். நாலு வாரம். பழுதான ரெக்கார்டர்களைத் துடைத்து, ஒயர் பற்றவைத்து, காலிபரேஷன் பார்த்துக் கொடுப்பது எங்கள் வேலை. அங்கே ஒரு மேடம் முயல்களை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அவர் மேஜையில்தான் அந்தப் பொருளை முதன்முதலாகப் பார்த்தேன். சின்ன விரல் நகத்தில் பாதி அளவு. 'சி' எழுத்து போல வளைந்த, பால் நிற ரப்பர்த் துண்டு. அதன் முதுகிலிருந்து நூடுல்ஸ் மாதிரி மெல்லிய குழாய் ஒன்று நீண்டிருந்தது.

"இது என்னன்னு சொல்லு பார்ப்போம்" என்றார் மேடம். நண்பன் "கம்மல் திருகாணியா மேடம்?" என்று கேட்டு மானத்தை வாங்கினான்.

அரசு ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் பார்க்கும்போது கையில் ஒரு பட்டையைச் சுற்றிக் காற்றடிப்பார்களே, அதேதான் இது. பட்டை கைக்கு வெளியே இருக்கிறது; இது உடம்புக்குள் ரத்தக்குழாயையே சுற்றியிருக்கிறது. ஆங்கிலத்தில் கஃப் என்கிறார்கள், நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். வெளிப்புறம் தடித்த சிலிக்கோன், உள்புறம் மெல்லிய சவ்வு. மயக்க மருந்து கொடுத்து, தொடையில் ஓடும் தமனியைச் சுற்றி இதை மாட்டி, இரண்டு முனைகளையும் நூலால் கட்டிவிடுவார்கள். மெல்லிய குழாயைத் தோலுக்கு அடியிலேயே ஓட்டிக் கழுத்தின் பின்பக்கம் வெளியே எடுப்பார்கள். கழுத்துக்குப் பின்னால் எதற்கு? அங்கேதான் முயலின் பல்லும் காலும் எட்டாது. சில நாளில் காயம் ஆறி முயல் தன்பாட்டுக்குப் புல் தின்னும். அப்புறம் வெளியே இருக்கும் குழாயில் ஊசி போடும் சிரிஞ்சைச் செருகி, ஒரு மில்லியில் ஐந்தில் ஒரு பங்கு உப்புநீரைத் தள்ளினால் போதும். வெளிப்புறம் தடிப்பு, அதனால் அந்தப் பக்கம் உப்ப முடியாது. உள்சவ்வு மட்டும் உப்பும். தமனி நசுங்கி மூடிக்கொள்ளும். நீரை இழுத்தால் திறந்துகொள்ளும்.

நூலால் கட்டினாலும் அடைபடும். ஆனால் அவிழ்க்க மறுபடியும் கத்தி வைக்க வேண்டும். 1934-இல் அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்தில் ஹாரி கோல்ட்பிளாட் என்ற மருத்துவர் நாய்களின் சிறுநீரகத் தமனியை வெள்ளிக் கவ்வியால் இறுக்கினார்; ரத்த அழுத்தம் ஏறி அப்படியே நின்றது. சிறுநீரகத்துக்கும் ரத்தக் கொதிப்புக்கும் உள்ள உறவு இப்படித்தான் ஊர்ஜிதமானது. அது திருகாணி வைத்த உலோகக் கவ்வி. கஃப் வந்த பிறகு, விலங்கு விழித்திருக்கும்போதே, வெளியிலிருந்தே, வேண்டிய நிமிஷம் மூடி வேண்டிய நிமிஷம் திறக்க முடிகிறது.

மேடம் பார்த்துக்கொண்டிருந்தது திறந்த பிறகு நடப்பதை. சில நிமிஷம் அடைத்துவிட்டுத் திறந்தால், ரத்தம் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. பட்டினி கிடந்தவன் பந்தியில் உட்கார்ந்த மாதிரி, வழக்கத்தைவிடப் பல மடங்கு பாய்ந்து, பிறகுதான் மெல்ல அடங்கும். தமனியில் கீழ்ப்பக்கம் வைத்த டாப்ளர் உணரி அதைக் கோடாக வரையும். அடைத்ததும் கோடு பூஜ்யத்துக்கு இறங்கும், திறந்ததும் மலை மாதிரி எழும். முதல்முறை பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது. ஓம் விதி, மின்தேக்கி, டிஸ்சார்ஜ் என்று நாம் ரெக்கார்டு நோட்டில் வரைந்து தள்ளும் வளைவுகளுக்கு உயிர் வந்து உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

அங்கே ஓர் அட்டெண்டர் அண்ணன். இருபது வருஷ சர்வீஸ். கஃபில் உப்புநீர் நிரப்புவது அவர் வேலை. சிரிஞ்சால் முதலில் உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்ச வேண்டும், பிறகு நீரை விட வேண்டும், மறுபடி உறிஞ்ச வேண்டும். குழாயை விரலால் சுண்டிச் சுண்டி, ஒரு குமிழி கூட இல்லை என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பத்து நிமிஷம் ஆகும். இரண்டு நாள் அருகில் நின்று பார்த்தேன். மூன்றாம் நாள் அவருக்கு அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. "நானே போட்டுடறேண்ணே" என்றேன். "சரியா பண்ணுவியா தம்பி?" என்றார். தலையை ஆட்டினேன்.

நான் சுண்டினேன். இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் மேடம் வரும் காலடிச் சத்தம் கேட்டதும் அவசரப்பட்டேன். குழாய் கழுத்துக்குள் நுழையும் இடத்தில் வெள்ளையாக ஒரு கீற்று தெரிந்தது. கடுகளவு காற்று. 'இவ்வளவு பெரிய முயலை இது என்ன செய்துவிடும்' என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கு ஏழாம் எண் முயல். காதில் அந்த எண் இருக்கும். மேடம் சிரிஞ்சை அழுத்தினார். கோடு இறங்கியது, பூஜ்யத்துக்கு வரவில்லை. கொஞ்சம் மேலேயே நின்று நெளிந்தது. எடுத்துவிட்டு மறுபடி அழுத்தினார். வரவில்லை. நாலு முறை. ஒவ்வொரு முறையும் முன்னைவிட மோசம். "கஃப் லீக்" என்று சொல்லி, நோட்டிலும் அப்படியே எழுதி, கருவியை அணைத்தார். நான் சுவர்ப்பக்கம் திரும்பி ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கு வேற கஃப் போட்டு இதே முயலில் பார்க்கலாமா மேடம்?" என்று நண்பன்தான் கேட்டான். "முடியாதுப்பா" என்று அவர் சொன்ன காரணத்தை அன்று இரவு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

1986-இல் அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் மரி, ஜென்னிங்ஸ், ரைமர் என்ற மூவர் ஒரு சோதனை செய்தார்கள். நாயின் இதயத்துக்குப் போகும் தமனி ஒன்றை 40 நிமிஷம் அடைத்தால் தசையில் ஒரு பகுதி செத்துவிடும். அதற்கு முன்னால் 5 நிமிஷம் அடைத்து 5 நிமிஷம் திறந்து, இப்படி நாலு தடவை செய்துவிட்டு, பிறகு அந்த 40 நிமிஷ அடைப்பைக் கொடுத்தார்கள். மொத்தத்தில் அதிக நேரம் ரத்தமில்லாமல் இருந்திருக்கிறது, அதிகம் செத்திருக்க வேண்டும் என்றுதானே நாம் நினைப்போம்? செத்த பகுதி நாலில் ஒன்றாகக் குறைந்திருந்தது! சின்னச் சின்ன அடைப்புகள் தசையைப் பழக்கிவிட்டிருந்தன. ஆக, ஒருமுறை அடைத்துத் திறந்த உறுப்பு பழைய உறுப்பு அல்ல. அரைகுறையாக நாலு முறை நசுக்கப்பட்ட ஏழாம் எண்ணின் காலை இனிப் புதுக் காலாகக் கணக்கில் எடுக்க முடியாது. அதற்குப் பதில் இன்னொரு முயல் வேண்டும். மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-லிருந்து இருக்கிறது. எத்தனை முயல், எதற்கு என்று கல்லூரியின் நெறிமுறைக் குழுவுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கில் என்னால் ஒன்று கூடியது.

ஏழாம் எண்ணைப் பற்றி நான் அண்ணனிடம் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து அதன் கூண்டு கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அந்தக் கஃப், சுத்தம் செய்யப்பட்டு, 'பழுது' தட்டில் கிடந்தது. "இதை நான் எடுத்துக்கட்டுமாண்ணே, எப்படிச் செஞ்சிருக்காங்கன்னு பார்க்கணும்" என்றேன். எனக்குள் ஓர் அற்ப ஆசை இருந்தது. உண்மையாகவே கஃப் லீக்காக இருந்துவிடக் கூடாதா என்று.

அன்று சாயங்காலம் நேராகக் கடைக்குப் போனேன். அப்பா ஒரு ட்யூபை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். "இதுல பஞ்சர் இருக்கான்னு பார்த்துச் சொல்லுப்பா" என்று நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எந்த வண்டி ட்யூப்புடா இது? எலி ஓட்டுற சைக்கிளா?" என்றார். சிரிஞ்சில் காற்றை அடைத்து, தொட்டித் தண்ணியில் முக்கிப் பிடித்தோம். குமிழி வரவில்லை. குழாய் ஒட்டியிருக்கும் இடத்தை வளைத்துப் பார்த்தார். வரவில்லை. "பஞ்சரும் இல்ல, வாயும் நல்லாருக்கு" என்றார். வேப்பமரத்தடியில் நான் உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் அப்பா விடவில்லை. அவருக்கு அந்தச் சாமான் பிடித்துப்போய்விட்டது. காற்றடைத்து, குழாயை மடக்கி ஒரு கிளிப் போட்டு, பெட்டிமேல் வைத்துவிட்டுப் பூட்டினார். காலையில் பார்த்தால் கஃப் தொங்கிப்போயிருந்தது. நான் பதறி மறுபடி தண்ணியில் முக்கினேன். குமிழியே இல்லை!

"பஞ்சர் இல்லாம காத்து எப்படிப்பா போகும்?"

"ரப்பரே விடும்டா. முன்னாடியெல்லாம் சில ட்யூப் அப்படித்தான், ராத்திரி அடிச்சா காலைல பாதி இருக்கும். வால்ட்யூப் மாத்தினாலும் நிக்காது. இப்ப வர்றது நிக்குது. அதுல பியூட்டைல்னு போட்டிருப்பான் பாரு."

பார்த்தேன். பெட்டியில் கிடந்த ஒவ்வொரு புது ட்யூபிலும் ஆங்கிலத்தில் அந்தச் சொல் இருந்தது. பத்து வருஷமாக அந்த ட்யூப்களுக்கு நடுவே வளர்ந்தவன் நான், ஒருநாளும் படித்ததில்லை. படிக்கத் தெரியாத அப்பா அதன் குணத்தைத் தெரிந்துவைத்திருக்கிறார்.

பிறகு நூலகத்தில் தேடினேன். 1937-இல் அமெரிக்காவில் உருவான செயற்கை ரப்பர் பியூட்டைல். காற்றைப் பிடித்து வைப்பதுதான் அதன் பெருமை. சிலிக்கோன் நேர் எதிர். பியூட்டைலைவிடப் பல நூறு மடங்கு வேகமாக ஆக்சிஜனைத் தன் வழியே விடும். ஓட்டை இல்லாமலேயே, மூலக்கூறு மூலக்கூறாக. இது குற்றம் என்று நினைக்க வேண்டாம். இதே குணத்தை வைத்துத்தான் 1960-களில் தியோடர் கோலோபோவ் சிலிக்கோன் தாளைச் சுருட்டிச் செயற்கை நுரையீரல் செய்தார். ஒரு பக்கம் ரத்தம், மறுபக்கம் ஆக்சிஜன். நுரையீரலுக்கு வரமாக இருப்பது கஃபுக்குச் சாபம். அதனால்தான் கஃபில் காற்று கூடாது, நீர்தான் வேண்டும். நீரை அழுத்தினால் சுருங்காது. நாம் தள்ளும் அளவு அப்படியே சவ்வுக்குப் போய்ச் சேரும். காற்று இருந்தால் அது முதலில் தானே சுருங்கி, நம் அழுத்தத்தைத் தின்னும். பிறகு சுவர் வழியாக மெல்ல வெளியேறி இன்னும் கொஞ்சம் தின்னும். கஃபில் போவது 0.2 மில்லி. அதில் கடுகளவு என்பது கடுகு இல்லை, மலை. நாலு முறையும் முன்னைவிட மோசமாக ஆனதற்குக் காரணம் புரிந்துவிட்டது. நம் ஹைட்ராலிக்ஸ் பாடத்தில் 'லைனில் உள்ள காற்றை வெளியேற்றுக' என்று ஒரு வரி வருமே, இரண்டு மார்க் கேள்வி, நான் பரீட்சையில் சரியாக எழுதியிருந்தேன்.

இன்னொன்றும் படித்தேன், இதைச் சொல்லாமல் போனால் கட்டுரைக்கு ஆகாது. கைப்பட்டையைக் கண்டுபிடித்தவர் இத்தாலியில் டூரின் நகரத்து ரிவா-ரோச்சி. வருஷம் 1896. அவர் முதலில் கருவி செய்த சாமான்கள் என்னென்ன தெரியுமா? ஒரு மைக்கூடு, செப்புக்குழாய், கொஞ்சம் பாதரசம், ஒரு சைக்கிள் ட்யூப். இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் அப்படியொன்றும் ஆச்சரியப்படவில்லை. "ட்யூப்புல என்ன வேணா செய்யலாம்" என்றார்.

பயிற்சி முடிய மூன்று நாள் இருந்தபோதுதான் மேடத்திடம் சொன்னேன். அதுவரை பதினோரு நாள் சும்மா இருந்திருக்கிறேன். சொல்வதற்கு முன் பயமாக இருந்தது என்று எழுதினால் அது குறைவு. சான்றிதழில் கையெழுத்துப் போடமாட்டார்கள், சாரிடம் சொல்வார்கள், அண்ணனுக்கு மெமோ வரும், என்னவெல்லாமோ. கஃபை மேஜையில் வைத்து, "இது லீக் இல்லைங்க மேடம். நான்தான் காற்றை விட்டுட்டேன்" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "எப்படித் தெரியும்?" என்றார். தொட்டியைச் சொன்னேன், ராத்திரி வைத்துப் பார்த்ததைச் சொன்னேன், பியூட்டைலைச் சொன்னேன். "யார் சொல்லிக்கொடுத்தது?" என்றார்.

இந்த இடத்தில் நான் இரண்டாவது தப்பைச் செய்தேன். "புக்ல படிச்சேன் மேடம்" என்றேன்.

அவர் நோட்டை எடுத்து 'கஃப் லீக்' என்பதை ஒற்றைக் கோடாக அடித்து, பக்கத்தில் 'குழாயில் காற்று. கஃப் பழுதில்லை' என்று சிவப்பில் எழுதி, தேதி போட்டு, என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னார். திட்டவில்லை. "அன்னைக்கே சொல்லியிருந்தா ரெண்டாவது தடவையிலேயே நிறுத்தியிருப்பேன்" என்று மட்டும் சொன்னார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

அந்தச் சோதனைகளால் மனிதனுக்கு என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். நேர்மையான பதில்தான் கிடைத்தது. 1986-க்குப் பிறகு பெரிய நம்பிக்கை பிறந்தது. இதயத்தைத் தொடாமலேயே, கையில் பட்டையைக் கட்டிச் சில முறை அழுத்தி விட்டால் இதயமும் பழகிக்கொள்ளுமா என்று பார்த்தார்கள். சின்னச் சோதனைகளில் பலன் தெரிந்தது. 2015-இல் இதய அறுவை நோயாளிகளிடம் நடந்த இரண்டு பெரிய சோதனைகளில் தெரியவில்லை. முயலுக்கும் நாய்க்கும் நடந்தது நமக்கும் நடக்க வேண்டுமென்று கட்டாயமில்லை. அதற்காக எல்லாம் வீண் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எல்லாம் சரி என்று சொல்லவும் வரவில்லை. கூண்டைக் கவிழ்த்து வைத்திருந்ததைப் பார்த்தவன் நான்.

இந்த வருஷ புராஜெக்ட்டுக்கு நானும் நண்பனும் எடுத்துக்கொண்டது கஃப்தான். உடம்பில் வைப்பதற்கு அல்ல. புதிதாக வருபவர்கள் காற்றை வெளியேற்றிப் பழகுவதற்கு ஒரு பயிற்சி மாதிரி. தமனிக்குப் பதில் மெல்லிய ரப்பர்க்குழாய், இதயத்துக்குப் பதில் ஒரு சின்னப் பம்ப், கீழே ஒரு ஓட்டமானி. முயல் இல்லை. இரண்டு பாகம் கலந்து வார்க்கும் சிலிக்கோன் வாங்கினோம். முதல் வார்ப்பில் அச்சுக்கு அடியில் அப்பாவின் பழைய ட்யூப் துண்டைப் போட்டோம். இரண்டு நாள் ஆகியும் அடிப்பக்கம் இறுகவே இல்லை, அல்வா மாதிரி பிசுபிசுவென்று இருந்தது. கையுறை மாட்டித் தொட்ட இடமெல்லாம் அதே கதி. கடைசியில் தெரிந்தது, அந்த வகை சிலிக்கோனை இறுக வைப்பது பிளாட்டினம். ட்யூபிலும் கையுறையிலும் உள்ள கந்தகம் அதைக் கெடுத்துவிடும். ரப்பரைக் கந்தகம் போட்டுச் சூடாக்கி இறுக வைக்கலாம் என்று 1839-இல் கண்டுபிடித்த சார்லஸ் குட்இயர் மேல் எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. பிறகு கண்ணாடிமேல் வார்த்தோம். மூன்றாவது முயற்சியில் கஃப் உப்பியது. ஓட்டமானி பூஜ்யத்தைத் தொட்டபோது நண்பன் போட்ட கூச்சலில் பக்கத்து லேபிலிருந்து ஆள் வந்துவிட்டது. இப்போது அந்த மருத்துவக் கல்லூரியில் எங்கள் மாதிரியில் பத்து முறை குமிழியில்லாமல் நிரப்பிக் காட்டிய பிறகுதான் யாரையும் முயல் அருகே விடுகிறார்களாம். அண்ணன் சொன்னார்.

புராஜெக்ட் ரிப்போர்ட்டில் நன்றி சொல்லும் பக்கத்தில் முதல்வர், துறைத் தலைவர், சார், மேடம், அண்ணன் எல்லோர் பெயரும் இருக்கிறது. அப்பா பெயர் இல்லை. பைண்டிங் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. மேடத்திடம் போன மாதம் சொல்லிவிட்டேன், புக் இல்லை, எங்க அப்பா என்று. "என்ன பண்றார்?" என்றார். "பஞ்சர் கடை" என்றேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாதிரியைக் கடைக்குக் கொண்டுபோய் அப்பாவுக்கு ஓட்டிக் காட்டினேன். அவரே சிரிஞ்சைப் பிடித்துச் சுண்டிச் சுண்டிக் காற்றை எடுத்தார். என்னைவிடச் சீக்கிரம். எல்லாம் முடிந்து துடைத்து வைக்கும்போது, "அன்னைக்கு ஒண்ணு கொண்டுவந்தியே, அது எந்த முயலுக்குப் போட்டிருந்தது?" என்று கேட்டார்.

"ஏழுப்பா."

"இப்ப எப்படி இருக்கு?"

நான் சொன்னேன். அப்பா தொட்டித் தண்ணியைக் கையால் ஒருமுறை கலக்கிவிட்டார். அதற்குள் ஒரு பள்ளிக்கூடப் பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள். பின்சக்கரத்தில் காற்றே இல்லை. "எப்பம்மா அடிச்சது?" என்று கேட்டுக்கொண்டே அப்பா எழுந்தார்.